நீலியின் கண்ணீர் பொய்யா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடக் கடைசியில் எங்கள் பாடசாலையின் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே படத்தைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு திரிந்தார்கள். 'லோகா' என்ற மலையாளப் படம். 2025 ஆகஸ்ட் 28இல் ஓணத்தை ஒட்டி வெளியாகி, மலையாளத்தில் அதுவரை எந்தப் படமும் எட்டாத வசூலை எட்டியது. தமிழில் பேசும் பிரதியும் வந்துவிட்டதால் நாலந்தாவிலும் நாவுலயிலும் போன் கையில் உள்ள பிள்ளைகளில் அதைப் பார்க்காதவர் குறைவு. பேய்ப்படம் பார்க்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. அதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும். தரம் 10 மாணவி ஒருத்தி தமிழ்ப் பாடவேளையில் எழும்பிக் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

"சேர், படத்துல வார நீலியும் நம்மட மரபுத்தொடர்ல வார நீலியும் ஒரே ஆளா? அப்பிடியெண்டா அவ நல்லவவா, கெட்டவவா?"

மரபுத்தொடர் பட்டியலில் 'நீலிக்கண்ணீர்' என்று இருக்கும். எதிரே 'பொய்யழுகை' என்று கருத்து இருக்கும். நானும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பதுதான். "அடுத்த பாடவேளையில் சொல்றேன், இரி" என்று சொல்லித் தப்பித்தேன். கேள்வி கஷ்டமானது என்பதற்காக அல்ல. கேட்டது யார் என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டு தவணைகளுக்கு முன், வகுப்புச் சுற்றுலாவுக்காகச் சேர்த்த காசு காணாமற் போனது. சேர்க்கும் பொறுப்பு அந்தப் பிள்ளையிடம் இருந்தது. "கடித உறையில போட்டு உங்கட மேசையில வச்சேன் சேர்" என்றாள். மேசையில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கவும் அழத் தொடங்கினாள். முழு வகுப்புக்கும் முன்னால் நான் சொன்ன வசனம் இதுதான்: "இந்த நீலிக்கண்ணீர் எல்லாம் என்னிடம் வேணாம்." நான்கு நாள் கழித்து, திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோன கொப்பிக் கட்டை அவிழ்த்தபோது நடுக் கொப்பிக்குள் உறை இருந்தது. மேசையில் இருந்த கட்டோடு சேர்த்து நானே அள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். மறுநாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் நேரடியாகக் கேட்ட முதற் கேள்வி இந்த நீலிக் கேள்விதான்.

எனவே உட்கார்ந்து தேடிப் படித்தேன். கல்வியியற் கல்லூரியில் மேலோட்டமாகப் படித்ததும், பிறகு அங்குமிங்கும் வாசித்ததும் ஒன்றாகச் சேர்ந்தன. அதை உங்களோடு பகிர்கிறேன்.

தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காடு என்று ஓர் ஊர். பக்கத்தில் பழையனூர். நீலியின் ஊர் அதுதான். கதை பல வடிவங்களில் இருக்கிறது. பரவலாகச் சொல்லப்படுவது இப்படி. காஞ்சிபுரத்துப் பிராமணன் ஒருவன் காசிக்குப் போகிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே ஒரு பெண்ணை மணம் முடிக்கிறான். சில காலம் கழித்து அவளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். தங்கைக்குத் துணையாக அவளுடைய அண்ணனும் வருகிறான். ஊர் நெருங்க நெருங்க இவனுக்குப் பயம் பிடிக்கிறது. முதல் மனைவிக்கு என்ன பதில் சொல்வது? திருவாலங்காட்டுக்குக் கிட்ட வந்ததும் அண்ணனை எங்கோ அனுப்பிவிட்டு, தன்னை நம்பி வந்த அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டு நகைகளோடு போய்விடுகிறான். திரும்பி வந்த அண்ணன் தங்கையின் உடலைப் பார்த்துவிட்டு அங்கேயே உயிரை விடுகிறான்.

கதையின் முதற் பாதி இவ்வளவுதான். இதில் பேய் இல்லை, மந்திரம் இல்லை. பத்திரிகையில் இன்றைக்கும் வரக்கூடிய ஒரு செய்தி.

இரண்டாம் பாதி அடுத்த பிறவியில் நடக்கிறது. (மறுபிறவி நமது நம்பிக்கையில் இல்லை. ஆனால் கதையை அதன் வீட்டில் வைத்தே கேட்போம்.) கொன்றவன் வணிகனாகப் பிறக்கிறான். கொல்லப்பட்டவள் நீலி என்ற பேயாகக் காத்திருக்கிறாள். ஒரு பெண்ணால் உனக்கு ஆபத்து என்று சோதிடர் சொல்லியிருப்பதால் வணிகன் மந்திரக் கத்தி ஒன்றைக் கையிலிருந்து இறக்குவதே இல்லை. வியாபாரத்துக்காக அவன் பழையனூர் பக்கம் வரும்போது நீலி பின்தொடர்கிறாள். கத்தி இருப்பதால் கிட்டப் போக முடியவில்லை. கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊருக்குள் ஓடிப்போய், பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடியிருந்த சபையில் அழுகிறாள். "இவர் என் கணவர். வேறு பெண்ணின் மயக்கத்தில் என்னையும் பிள்ளையையும் கைவிட்டுவிட்டுப் போகிறார்" என்கிறாள்.

வணிகன் கத்துகிறான். "இவள் மனுஷி இல்லை, பேய். என்னைக் கொல்ல வந்திருக்கிறாள்." சபை யோசிக்கிறது. குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறது. குழந்தை நேரே வணிகனிடம் தவழ்ந்து போய் அப்பா என்கிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்? இருவரும் இன்றிரவு ஒரே வீட்டில் தங்குங்கள், காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்ப்பாகிறது. அவன் கெஞ்சுகிறான். "உன் உயிருக்கு ஏதும் நேர்ந்தால் எழுபது பேரும் உயிரை விடுகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கத்தியையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். அவளைக் காணவில்லை. வேளாளர்கள் சொன்ன சொல் தவறாமல் தீக்குழி மூட்டி இறங்குகிறார்கள். அந்நேரம் வயலில் இருந்த ஒருவர் செய்தி கேட்டு ஏர்க்கொழுவிலேயே உயிரை விட்டார் என்றும் சொல்வார்கள். அவர்கள் தீயில் இறங்கிய இடத்தில் பழையனூரில் இன்றும் நினைவுச்சின்னம் இருக்கிறது.

இது நேற்றுக் கட்டிய கதை அல்ல. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சம்பந்தர் திருவாலங்காட்டைப் பாடிய பதிகத்திலேயே இந்தப் பழிவாங்கலைத் தொட்டுச் செல்கிறார் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அப்படியென்றால் குறைந்தது 1,300 வருடங்களாகத் தமிழ் பேசுகிறவர்களிடம் இருக்கும் கதை.

இவ்வளவு காலமும் இந்தக் கதையைக் கட்டிக் காத்தது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது பழையனூர் வேளாளரின் பெருமைக் கதையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. உயிரைக் கொடுத்தும் சொல் காத்தவர்கள் என்ற பெருமை. அந்தப் பெருமை நியாயமானதுதான். பொய் வாக்குறுதிகளைக் கேட்டே பழகிய நமக்கு அந்த எழுபது பேரைக் குறைத்துப் பேச வாய் வராது. ஆனால் அவர்கள் வீரராக நிற்க வேண்டுமென்றால், அவர்களை ஏமாற்றியவள் வில்லியாக நிற்க வேண்டும். அதனால் கதையின் இரண்டாம் பாதி பெருத்தது, முதற் பாதி சிறுத்தது. கடைசியில் முழுக் கதையும் சுருங்கி ஒரே சொல்லாகி நம் பாடப் பட்டியலுக்கு வந்து சேர்ந்தபோது, மிஞ்சியது சபையில் அழுத அந்தப் பொய்யழுகை மட்டும். காட்டு வழியில் கணவன் கத்தியை ஓங்கியபோது அவள் அழுத அழுகைக்குத் தமிழில் மரபுத்தொடர் இல்லை.

கன்னியாகுமரிப் பக்கம் இதே கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. அங்கே பெண் ஒரு கோயில் தாசி. பூசாரி ஒருவன் அவளிடம் செல்வத்தை எல்லாம் இழக்கிறான். தாசியின் தாய் அவனைத் துரத்திவிடுகிறாள். மகளோ அவன் மேல் உண்மையான அன்பு வைத்திருக்கிறாள். தாயை விட்டு அவன் பின்னால் போகிறாள். நடந்த களைப்பில் கள்ளிச் செடி அருகே அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவன் மெதுவாகத் தலையை இறக்கி வைத்துவிட்டு, கல்லைப் போட்டுக் கொன்று நகைகளை எடுத்துக்கொண்டு போகிறான். அன்று அங்கே சாட்சி யாருமில்லை, அந்தக் கள்ளிச் செடியைத் தவிர. பிறகு நீலி கையில் குழந்தையாக வருவதும் கள்ளிக் கொப்புத்தான். படித்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டோடு இந்த நீலியின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்தது. அதனால்தான் தமிழ் நீலியும் மலையாளத்துக் 'கள்ளியங்காட்டு நீலி'யும் ஒரே ஆள். என் மாணவியின் முதற் கேள்விக்கு விடை, ஆம்.

இடையில் ஒரு விசேஷம் நடந்தது. சினிமா வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே நீலியின் கதையை ஒருவர் தலைகீழாகத் திருப்பி எழுதிவிட்டார். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யைத்தான் சொல்கிறேன். சமண நூல், ஆசிரியர் பெயர் தெரியாது. 10ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள். ஆரம்பம் அசல் பேய்ப்படம்தான். சுடுகாட்டில் ஒரு சமண முனிவர் தவத்தில் இருக்கிறார். அவரைக் குழப்பப் பழையனூர் நீலி வருகிறாள். பயங்கரமான உருவங்கள் எடுத்து மிரட்டுகிறாள். அவர் அசையவில்லை. அழகான அரசகுமாரியாக வந்து மயக்கப் பார்க்கிறாள். அதுவும் பலிக்கவில்லை. பிறகுதான் திருப்பம். முனிவர் அவளை விரட்டவில்லை, மந்திரத்தால் கட்டவில்லை, ஆணி அடித்து மரத்தில் இறுக்கவில்லை. உயிர்க்கொலை ஏன் பாவம் என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிறார். நீலி கேட்கிறாள், ஏற்கிறாள், படிக்கிறாள். அதற்குப் பிறகு அவள் ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதிகள் என்று ஒவ்வொருவரோடும் வாதிட்டு வெல்கிறாள். சமயத் தர்க்கத்தைக் கரைத்துக் குடித்த பெண்ணாகப் பேயைக் காட்டிய நூல் உலகில் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவள் முதலில் தோற்கடிப்பது யாரை? குண்டலகேசியை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றின் பௌத்தக் கதாநாயகி. அந்தத் தமிழ் நூல் முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் கதை பாலி தம்மபத உரையில் இருப்பதால் நம் பக்கத்து வீட்டுச் சிங்கள மக்களுக்கு அறிமுகமானது. அவளும் கள்வன் ஒருவனை விரும்பி மணக்கிறாள். அவன் நகைக்காக மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளப் பார்க்கிறான். விளங்கிக்கொண்ட அவள், கடைசியாக ஒருமுறை உங்களைச் சுற்றி வந்து வணங்குகிறேன் என்று சொல்லி, பின்னால் போனதும் அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவியாகிறாள். அவள் தப்பிவிட்டாள், நீலி தப்பவில்லை. கணவனின் பேராசையில் கதை தொடங்கிய இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தி, ஆன்மா உண்டா இல்லையா என்று வாதிட வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். இதையெல்லாம் பரீட்சைக்கு 'ஐஞ்சிறு காப்பியங்கள் எவை?' என்ற ஒரு வினாவோடு முடித்துவிடுகிறோம். ஆசிரியர்களாகிய எங்கள் மேல்தான் பிழை.

மலையாள நாட்டில் நீலி யட்சியானாள். வெள்ளைச் சேலை, அவிழ்ந்த கூந்தல், வழியில் போகும் ஆண்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் பெண். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அவளை அடக்கினார் என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த கதை. கத்தனார் கதையையும் யட்சிக் கதைகளையும் கொட்டாரத்தில் சங்குண்ணி என்பவர் 1909 முதல் 'ஐதிஹ்யமாலா' என்ற தொகுதிகளில் எழுதி வைத்தார். 1979இல் எம். கிருஷ்ணன் நாயர் 'கள்ளியங்காட்டு நீலி' என்ற பெயரிலேயே படம் எடுத்தார்.

இந்த இடத்தில் வைக்கம் முகம்மது பஷீரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1964இல் வந்த 'பார்கவி நிலையம்', மலையாளப் பேய்ப்படங்களின் மூத்த படம். தன் 'நீலவெளிச்சம்' சிறுகதையிலிருந்து திரைக்கதையை எழுதியவர் பஷீர். இயக்கியவர் ஏ. வின்சென்ட். கிணற்றில் விழுந்து செத்த பெண்ணின் ஆவி இருப்பதாக ஊரே ஒதுக்கிய வீட்டில் ஓர் எழுத்தாளன் குடிவருகிறான். ஆவியைக் கண்டு ஓடவில்லை. ஓதி விரட்டவும் இல்லை. வீட்டுக்காரியிடம் கதைப்பதுபோல் மரியாதையாகக் கதைக்கிறான். அவளுடைய கடிதங்களைத் தேடி வாசிக்கிறான். ஊர் தற்கொலை என்று முடித்துவிட்ட சாவு உண்மையில் கொலை என்று கடைசியில் தெரியவருகிறது. 2023இல் ஆஷிக் அபு அதையே மறுபடி எடுத்தார். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஈடில்லை. நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குறையைக் கேட்பதுபோல் பஷீர் ஒரு பேயின் குறையைக் கேட்டிருக்கிறார்.

இனி 'லோகா'. டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மானின் நிறுவனம் தயாரிப்பு. கல்யாணி பிரியதர்ஷன்தான் நீலி. படத்தில் அவள் பெயர் சந்திரா. நூற்றாண்டுகளாகச் சாகாமல், இரத்தம் குடித்து, இன்றைய பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மனித உறுப்புக் கடத்தும் கூட்டத்தோடு மோதுகிறாள். பெண்களைக் கண்டாலே பொறுக்காத ஒரு பொலிஸ் அதிகாரி துரத்துகிறான். சண்டைக் காட்சிகள் பிள்ளைகளுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. எனக்குப் பிடித்தது அவளுடைய பழங்கதையைச் சொல்லும் பகுதி. அங்கே நீலி காட்டுவாசிச் சமூகத்துச் சிறுமி. அவர்களுக்கு மறுக்கப்பட்ட கோயிலுக்குள் போன குற்றத்துக்காக அரசனின் ஆட்கள் அவளுடைய மக்களைக் கொன்று குவிக்கிறார்கள். ஓடி ஒளிந்த குகையில் வௌவால்கள் கடித்து அவள் வேறொன்றாக மாறுகிறாள். கத்தனார் இந்தப் படத்தில் அவளை அடக்குகிறவர் அல்ல, துணை நிற்கிறவர்.

இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12 பிரகடனத்தோடுதான். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் நடக்கும் உரிமைக்கே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. படம் எடுத்தவர்கள் தங்கள் மண்ணின் ஒரு பாவத்தை எடுத்து நீலியின் கதைக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பாராட்டலாம்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. அவளுக்கு நியாயம் தேடிக் கொடுத்த படம், அவளைக் கொன்றவனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டது. பழைய கதையில் குற்றவாளி அரசன் அல்ல, புருஷன். சோறு போட்டு, பின்னால் நடந்து, மடியில் தலை வைத்துத் தூங்கியவளைக் கொன்றவன். அரசனின் கொடுமையைத் திரையில் காட்டினால் தியேட்டரில் எல்லோரும் சேர்ந்து கோபப்படலாம், ஏனென்றால் பார்க்கிறவர்களில் யாரும் அரசன் இல்லை. வீட்டுக்குள் நடந்த கொலையைக் காட்டினால் சில பேர் கதிரையில் நெளிய வேண்டி வரும். ஐரோப்பாவிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை 1697இல் பெரோ அச்சிட்டபோது ஓநாய் அவளைத் தின்றுவிடும், அத்தோடு கதை முடிந்தது. 1812இல் கிரிம் சகோதரர் பதிப்பில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுகிறான். நாம் சின்ன வகுப்பில் சொல்லிக் கொடுப்பது அந்த இரண்டாவதைத்தான்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். ஏ9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் இரவில் லொறி ஓட்டிய யாரிடமும் கேளுங்கள். மோகினியை அவர் கண்டிருப்பார், அல்லது கண்டவரைத் தெரிந்திருப்பார். வெள்ளை உடுப்பு, விரித்த தலைமுடி, கையில் ஒரு குழந்தை. "இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்களேன்" என்று நீட்டுவாள். வாங்கினால் முடிந்தது கதை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொல்லும் கதைகளில் இது ஒன்று. என் உம்மும்மா சொல்லும்போது அது மோகினியா ஜின்னா என்பது ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். மஃரிபுக்குப் பிறகு வெளியே நிற்காதே என்பது மட்டும் மாறாது.

பழையனூர்ச் சபையில் நீலி நீட்டிய குழந்தையும் இந்தக் குழந்தையும் ஒன்றுதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நூற்றாண்டுக் கணக்கில் கடல் கடந்து போய் வந்த ஜனங்கள் நாம். நம் நாலந்தா கெடிகேயைப் பாருங்கள். பௌத்தத் தலம், ஆனால் கட்டிய முறை பல்லவர் பாணி. மாமல்லபுரம் போய் வந்தவர்களுக்குக் கண்டவுடனே விளங்கும். பழையனூரும் அதே பல்லவரின் தொண்டை நாட்டு ஊர்தான். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது கெடிகேயைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் பழையபடியே அடுக்கினார்கள். கதைகளுக்கு அப்படி யாரும் இலக்கம் போட்டுக் கழற்றுவதில்லை. இடம் மாறும்போது சில கற்கள் அங்கேயே நின்றுவிடும். மோகினிக் கதையில் குழந்தை வந்து சேர்ந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது. அவள் எப்படிச் செத்தாள் என்ற பகுதி வரவில்லை. ஏன் அந்தப் பெண் நடுச்சாமத்தில் பிள்ளையோடு ரோட்டில் நிற்கிறாள் என்று உம்மும்மாவிடம் நான் கேட்டதுமில்லை.

அடுத்த பாடவேளையில் இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பொய்யழுகை என்று வந்ததும் ஒரு பையன், "அப்ப நம்மட மார்க்கத்துலயும் பொய்யழுகை இருக்கு சேர், யூசுப் நபிட நானாமார்" என்றான். உண்மையில் நான் யோசித்திராத ஒன்று. யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைக் கிணற்றில் போட்டுவிட்டு, சட்டையில் பொய் இரத்தம் தடவி, இரவானதும் தகப்பனிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அதே சூராவில் பின்னால் அஸீஸின் மனைவி பொய்க் குற்றம் சாட்டுகிறாள். அங்கேயும் யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா பின்னால் கிழிந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். காழி ஷுரைஹ் பற்றிய பிரபலமான சம்பவமும் உண்டு. ஒரு பெண் அழுதுகொண்டு வழக்குக்கு வர, பக்கத்தில் இருந்த ஷஅபீ, பாவம், அநீதி இழைக்கப்பட்டவள் போலிருக்கிறது என்றார். யூசுபின் சகோதரர்களும் அழுதுகொண்டுதான் வந்தார்கள் என்றார் ஷுரைஹ். அழுகையை வைத்து அவளை நம்பவும் இல்லை, நடிக்கிறாள் என்று தள்ளவும் இல்லை. விசாரித்தார். பொய்யழுகைக்கு உதாரணம் தேவைப்பட்டபோது அவருக்கு ஞாபகம் வந்தது ஆண்கள்.

சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாகக் காதி நீதிமன்றம் ஒன்றின் வாசலில் காத்திருந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. வாங்கில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "நீலி, நல்லா நடிக்கிறாள்" என்றார். அவள் யார், வழக்கு என்ன, இரண்டு பேருக்குமே தெரியாது. நானும் பேசாமல் இருந்தேன். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாக ஆணை மட்டுமே நியமிக்கச் சொல்கிறது. அதை மாற்றுவதா இல்லையா என்று பெரியவர்கள் வருடக்கணக்காக வாதிடுகிறார்கள், என் கருத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். அன்று அந்த அறைக்குள்ளும் வாசலிலும் இருந்தவர்களில் அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள் என்பதை மட்டும் இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

மரபுத்தொடரை என்னால் மாற்ற முடியாது. பரீட்சையில் 'நீலிக்கண்ணீர்' வந்தால் 'பொய்யழுகை' என்று எழுதினால்தான் புள்ளி. அதையும் வகுப்பில் சொல்லிவிட்டேன். வழக்கம்போல் ஆளுக்கொரு வாக்கியம் அமைக்கச் சொன்னேன். பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான் வந்தது. சிறுமி நீலிக்கண்ணீர் வடித்தாள், மருமகள் நீலிக்கண்ணீர் வடித்தாள், இப்படி. கேள்வி கேட்ட பிள்ளையின் கொப்பியில் மட்டும் இருந்தது: "தம்பியைக் கிணற்றில் போட்டவர்கள் தந்தையிடம் வந்து நீலிக்கண்ணீர் வடித்தனர்."

அதன் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில், "சேர், இதுக்கு நீலிட பேர் ஏன்?" என்று எழுதியிருந்தாள். வாக்கியத்துக்குச் சரி போட்டேன். பென்சில் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. கொப்பி என் மேசையில்தான் இருக்கிறது.

உங்கள் வீடுகளில் மோகினிக் கதையை வேறு விதமாகச் சொன்ன மூத்தவர்கள் இருந்தால், முக்கியமாக அந்தக் குழந்தை யாருடையது என்று சொன்னவர்கள் இருந்தால், எழுதுங்கள் அல்லது வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.